சாக்கடையில் ஓடும் சக்தி: எரிபொருளா, நல்ல நீரா?



"கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் எரிபொருள்!" என்ற தலைப்பில் அவ்வப்போது பத்திரிகைகளில் செய்திகள் வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இத்தகைய செய்தியைப் படித்ததும் இரண்டு விதமான எண்ணங்கள் எழுவது இயல்பு. "அடேயப்பா! இனிமேல் பெட்ரோலுக்குக் கவலையே இல்லை" என்று ஒருவர் வியப்பார். "சாக்கடையாவது, எரிபொருளாவது! எல்லாம் வெறும் பேச்சு" என்று இன்னொருவர் உதட்டைப் பிதுக்குவார். இருவரும் செய்யும் தவறு ஒன்றுதான். இருவருமே அளந்து பார்க்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்வேதியியல் முறையில் கழிவுநீரிலிருந்து எரிபொருள் எடுக்க முடியும். அதில் மந்திரமும் இல்லை, மோசடியும் இல்லை. ஆனால் நமது எரிபொருள் பஞ்சத்தைத் தீர்க்கும் வழியாக அதை நினைத்தால் ஏமாந்துபோவோம். அழுக்கு நீரை நல்ல நீராக்கும் வேலைக்குக் கிடைக்கும் கூலியாக அந்த எரிபொருளைக் கருதினால், இது மிகவும் பயனுள்ள முயற்சி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் கழிவுநீரில் என்ன இருக்கிறது?

வீட்டுக் கழிவுநீரில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவிய நீர், குளித்த சோப்பு நீர், கழிவறை நீர் எல்லாம் கலந்து வரும் அந்த நீரில், ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான அளவிலேயே உயிர்ப்பொருள் மாசு இருக்கும். மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் துணுக்குகளே அவை. அதாவது நாம் உண்ட சோற்றின் மிச்சம்.

இந்த மாசை விஞ்ஞானிகள் நேரடியாக எடை போடுவதில்லை. அதை முழுவதும் எரித்து முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கிறார்கள். இதற்கு வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். சாதாரண வீட்டுக் கழிவுநீருக்கு இது லிட்டருக்கு அரை கிராம் அளவில் இருக்கும்.

அரை கிராம்தானே என்று அலட்சியமாக எண்ணிவிடாதீர்கள். நம் ஊர் வெப்பநிலையில் தூய்மையான ஆற்று நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான். அப்படியானால் ஒரு லிட்டர் சாக்கடை நீருக்கு எத்தனை லிட்டர் ஆற்று நீரின் ஆக்சிஜன் தேவைப்படும்? 500-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 60 லிட்டருக்கும் மேல்! ஆற்றில் சாக்கடை கலந்தால் மீன்கள் செத்து மிதப்பதற்கும், நீர் கறுத்து நாறுவதற்கும் காரணம் இதுதான். மீன்கள் விஷத்தால் மட்டுமே சாவதில்லை. மூச்சுத் திணறியும் சாகின்றன.

இப்போது சக்தியின் கணக்கைப் பார்ப்போம். எரிக்க முடிந்த பொருள் எதிலும் சக்தி உண்டு. ஒரு கிராம் ஆக்சிஜன் தேவைக்குச் சமமான மாசில் சுமார் 14 கிலோ ஜூல் சக்தி அடங்கியிருக்கிறது. ஆகவே ஒரு லிட்டர் கழிவுநீரில் சுமார் 7 கிலோ ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே அந்த லிட்டரில் உள்ள முழுச் சக்தியையும் சிந்தாமல் சிதறாமல் எடுத்தாலும், அதே லிட்டர் நீரை இரண்டு டிகிரி கூடச் சூடாக்க முடியாது!

ஆனால் 1,000 லிட்டருக்குக் கணக்கிட்டால் 7,000 கிலோ ஜூல், அதாவது ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி. அதே 1,000 லிட்டரை வழக்கமான முறையில் சுத்திகரிக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது தெரியுமா? சுமார் அரை யூனிட். பெரிய தொட்டிகளில் கழிவுநீரைத் தேக்கி, இரவும் பகலும் மோட்டார்களைக் கொண்டு காற்றை ஊதுகிறார்கள். அந்தக் காற்றின் உதவியால் பாக்டீரியாக்கள் மாசைத் தின்று தீர்க்கின்றன. மாசில் இருந்த சக்தியில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. மற்றொரு பகுதி பாக்டீரியாக்களின் உடலாகிக் கசடாகத் தங்குகிறது.

இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். 2 யூனிட் சக்தி உள்ள பொருளை ஒழிப்பதற்கு அரை யூனிட் மின்சாரத்தைச் செலவிடுகிறோம். விறகு விற்கப் போகும் வண்டிக்காரன், விறகை வழியில் கொட்டிவிட்டு, கொட்டியதற்குக் கூலியும் கொடுத்துவிட்டு வருவது போல! இந்த வேடிக்கையை மாற்ற முடியாதா என்ற கேள்வியில்தான் நமது கதை தொடங்குகிறது.

மின்பகுப்புப் பாடம்

1800-ஆம் ஆண்டில் லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர், வோல்ட்டா புதிதாகக் கண்டுபிடித்திருந்த மின்கல அடுக்கைக் கொண்டு தண்ணீரைப் பகுத்தார்கள். ஒரு மின்வாயில் ஹைட்ரஜன் குமிழிகளும், மற்றதில் ஆக்சிஜனும் வெளிவந்தன. இந்தச் சோதனையை உங்கள் பள்ளிக்கூடத்திலும் பார்த்திருப்பீர்கள்.

நீரைப் பகுக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் மின்னழுத்தம் தேவை. நடைமுறையில் 1.8 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிணைத்திருக்கும் கட்டு அவ்வளவு பலமானது. நீரின் பிடியிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எடுப்பதுதான் கடினமான வேலை.

எலக்ட்ரானை இதைவிட எளிதாகத் தரக்கூடிய பொருள் ஏதாவது இருந்தால்? இருக்கிறது. அதுதான் சாக்கடையில் மிதக்கும் உணவு மிச்சம். ஆனால் அதிலிருந்து எலக்ட்ரானைக் கழற்றி மின்வாயில் கொண்டு சேர்க்க ஒரு வேலையாள் வேண்டுமே! அந்த வேலையாள்தான் பாக்டீரியா.

நாம் உணவிலிருந்து எடுக்கும் எலக்ட்ரான்களை, மூச்சில் இழுத்த ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். மூச்சுவிடுதலின் உட்பொருளே இதுதான். ஆக்சிஜன் கிடைக்காத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. அவை தம் எலக்ட்ரான்களை உடலுக்கு வெளியே உள்ள இரும்புத் தாதுவிடம் ஒப்படைத்துவிடுகின்றன. இரும்பை மூச்சுவிடுகின்றன என்றே சொல்லலாம்!

நுண்ணுயிர்கள் மின்சாரம் தரும் என்பதை 1911-ஆம் ஆண்டிலேயே டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பாட்டர் காட்டினார். ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களை வளர்த்து, மின்வாய்களுக்கிடையே சிறிய மின்னழுத்தத்தை அளந்தார். பல ஆண்டுகள் அது ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்துவந்தது. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொட்டோமாக் நதிச் சேற்றில், இரும்பை மூச்சுவிடும் ஜியோபாக்டர் இனத்தை டெரெக் லவ்லி கண்டறிந்தார். இரும்புத் தாதுவுக்குப் பதிலாக ஒரு கார்பன் மின்வாயை வைத்தாலும் இத்தகைய பாக்டீரியாக்கள் அதில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் இதை மின்பகுப்போடு இணைத்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்திலும் இந்த முயற்சி நடந்தது. இந்தக் கருவியை நுண்ணுயிர் மின்பகுப்புக் கலம் என்று அழைக்கலாம்.

கிணற்றில் நீர்மட்டம் உயர்ந்தால்

இந்தக் கலம் வேலை செய்யும் விதம் எளிது. ஒரு தொட்டியில் கழிவுநீர். அதில் கார்பனால் ஆன நேர்மின்வாய். அதன்மேல் பாசி படர்ந்தாற்போலப் பாக்டீரியாக்கள். தொட்டியில் உள்ள வேறு நுண்ணுயிர்கள் மாசைச் சிதைத்து அசெட்டேட் போன்ற எளிய பொருள்களாக்கித் தருகின்றன. வினிகரில் இருக்கும் அமிலத்தின் உறவுக்காரன்தான் அசெட்டேட். மின்வாயில் உள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று, கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் அயனிகளையும் நீரில் விட்டு, எலக்ட்ரான்களை மின்வாயிடம் கொடுக்கின்றன. எலக்ட்ரான்கள் கம்பி வழியாக எதிர்மின்வாய்க்குப் போகின்றன. ஹைட்ரஜன் அயனிகள் நீர் வழியாக அங்கே சேர்கின்றன. இரண்டும் சந்தித்தால் ஹைட்ரஜன் வாயு.

ஆனால் பாக்டீரியாவின் பலம் மட்டும் போதாது. வெளியிலிருந்து சிறிது மின்னழுத்தம் கொடுத்து உதவ வேண்டும். அசெட்டேட்டுக்குக் கணக்குப்படி தேவையானது சுமார் 0.14 வோல்ட்தான். நடைமுறையில் அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை ஆகிறது. நீரை நேராகப் பகுப்பதோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு.

கோடையில் கிணற்றடியில் நீர் கிடந்தால் முழுக் கயிற்றையும் இழுத்தாக வேண்டும். மழைக்குப் பின் நீர்மட்டம் உயர்ந்துவிட்டால் நான்கு இழுப்பில் வாளி மேலே வந்துவிடும். கழிவில் உள்ள சக்தி நீர்மட்டத்தை உயர்த்திக் கொடுக்கிறது; மீதி இழுப்பை மட்டும் நாம் மின்சாரத்தால் செய்கிறோம்.

இதையும் எண்ணில் காண்போம். ஃபாரடே விதிப்படி, ஒரு கிலோ ஹைட்ரஜன் உண்டாக்க, நாம் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுமார் 26.6 யூனிட் மின்சாரம் செலவாகும். 1.9 வோல்ட் என்றால் 50 யூனிட். 0.6 வோல்ட் என்றால் 16 யூனிட். ஒரு கிலோ ஹைட்ரஜனை எரித்தால் கிடைக்கும் சக்தியோ சுமார் 33 யூனிட்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து கேட்பார்: "16 யூனிட் போட்டு 33 யூனிட் எடுப்பதா? சக்தி அழிவின்மை விதி என்ன ஆயிற்று?" நல்ல கேள்வி. விதிக்கு ஒரு குறையும் நேரவில்லை. மீதி 17 யூனிட்டைக் கொடுத்தது கழிவுநீர்.

இதைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. கழிவில் உள்ள கார்பன், சென்ற பருவத்து நெல்லும் காயும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பன். நிலக்கரியைப் போல் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்ததல்ல. ஆனால் நாம் கொடுத்த 16 யூனிட் நிலக்கரி மின்சாரமாக இருந்தால், அந்த அளவுக்குப் புகை நம் கணக்கில் ஏறத்தான் செய்யும்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே

காகிதக் கணக்கு இவ்வளவு அழகாக இருக்கிறதே, களத்தில் என்ன ஆயிற்று? இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலாவது, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நாபா பள்ளத்தாக்கிலுள்ள ஒரு திராட்சை மது ஆலையில் நடந்தது. அந்த ஆலையின் கழிவுநீருக்காக 1,000 லிட்டர் கொள்ளளவுள்ள கலத்தை லோகன் குழுவினர் அமைத்தார்கள். அதில் 144 இணை மின்வாய்கள். பாக்டீரியாக்கள் மின்வாயில் நிலைகொள்ளவே இரண்டு மாதம் பிடித்தது. பிறகு மின்சாரம் நன்றாக ஓடியது, வாயுவும் வந்தது. ஆனால் வாயுவைச் சோதித்தபோது அதில் நூற்றுக்கு 86 பங்கு மீத்தேன்! ஹைட்ரஜன் எங்கே போயிற்று? கலத்தில் குடியேறியிருந்த வேறு வகை நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்துத் தின்று மீத்தேனாக்கிவிட்டன. இந்த முடிவு 2011-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் தூய அசெட்டேட்டைக் கரைத்துச் செய்த சோதனையில் கிடைப்பது, உண்மையான கழிவுநீரில் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. சாக்கடை ஒரு சந்தைக்கடை. அங்கே நாம் அழைத்தவர்கள் மட்டும் வருவதில்லை.

இரண்டாவது சோதனை வட இங்கிலாந்தில் நடந்தது. நியூகாஸில் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், வீட்டுக் கழிவுநீரை அப்படியே 120 லிட்டர் கலத்தில் விட்டார்கள். நேர்மின்வாய்க்குக் கம்பளி போன்ற கார்பன் துணி. எதிர்மின்வாய்க்கு ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகப் பூசும் பிளாட்டினம் இல்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் போன்ற எஃகு நார். 2013-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, மூன்று மாதங்களுக்கு மேலாக ஏறக்குறைய தூய ஹைட்ரஜன் கிடைத்தது.

எவ்வளவு கிடைத்தது? ஒரு லிட்டர் கலத்துக்கு நாளொன்றுக்கு 0.015 லிட்டர். 120 லிட்டருக்குக் கணக்கிட்டால் 1.8 லிட்டர். அதை எரித்தால் சுமார் 20 கிலோ ஜூல் வெப்பம் வரும். ஒரு டம்ளர் தண்ணீரை வெதுவெதுப்பாக்கலாம். கொதிக்க வைக்க முடியாது. கொடுத்த மின்சாரம் 100 பங்கு என்றால், ஹைட்ரஜனாகத் திரும்பி வந்த சக்தி 70 பங்கு. எரிபொருள் தொழிற்சாலை என்று பார்த்தால் இது நஷ்ட வியாபாரம்.

ஆனால் அதே சோதனையில் இன்னொரு எண் இருக்கிறது. ஒரு கிராம் மாசுக்கு அந்தக் கலம் செலவிட்ட சக்தி 2.3 கிலோ ஜூல். காற்று ஊதும் வழக்கமான முறையில் அதே ஒரு கிராமுக்கு 2.5 முதல் 7.2 கிலோ ஜூல் வரை ஆகிறது. எரிபொருள் தரும் கருவியாகத் தோற்ற அதே கலம், நீரைச் சுத்தம் செய்யும் கருவியாகப் பழைய முறையோடு போட்டி போட வந்துவிட்டது! அதுவும் எப்படிப்பட்ட நீரில்? குளிர் நாட்டின் நீர்த்த கழிவுநீரில்.

குறையையும் மறைக்கக் கூடாது. அந்தக் கலம் மாசைப் போதுமான அளவுக்கு நீக்கவில்லை. வெளியேறிய நீர் ஆற்றில் விடத்தக்கதாக இல்லை. ஆகவே இது முடிந்த கதை அல்ல. ஆயினும் எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பதை அந்த ஒரு எண் காட்டிவிட்டது.

எரிபொருள் பஞ்சம் தீருமா?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. இதில் உண்மையாகச் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர்தான். நூற்றுக்கு 28 பங்கு.

இந்த 7,236 கோடி லிட்டரிலும் உள்ள சக்தியை ஒரு துளி விடாமல் எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டருக்கு 2 யூனிட் வீதம் நாளொன்றுக்கு 14 கோடி யூனிட்டுக்குச் சற்று அதிகம். நம் நாடு ஒரு நாளில் செலவிடும் மின்சாரமோ 400 கோடி யூனிட்டுக்கும் மேல். நூற்றுக்கு நான்கு பங்கு கூடத் தேறவில்லை! இதுவும் எந்த இழப்பும் இல்லாத, ஒருநாளும் நடக்க முடியாத கணக்கு. சாக்கடையால் நாட்டின் அடுப்பு எரியப் போவதில்லை.

ஆனால் மீதியுள்ள 72 பங்கைப் பாருங்கள். அந்த நீர் ஆற்றிலும் ஏரியிலும் கடலிலும் கலக்கிறது. ஒவ்வொரு லிட்டரும் 60 லிட்டர் ஆற்று நீரின் மூச்சைப் பறிக்க வல்லது என்று முன்பே கண்டோம். கட்டி முடித்த நிலையங்கள் கூட முழு அளவில் ஓடுவதில்லை. இதற்குக் காரணங்கள் பல. மின்சாரச் செலவு அவற்றில் ஒன்று. சுத்திகரிப்பு நிலையம் தன் மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தானே சம்பாதித்துக்கொண்டால், அதை ஓட்டாமல் நிறுத்தி வைக்க ஒரு சாக்கு குறையும். இந்தக் கூலிதான் முக்கியம் என்கிறேன்.

மீத்தேன் போதாதா?

"சாண எரிவாயு எங்கள் ஊரிலேயே இருக்கிறதே! மின்சாரமே கொடுக்காமல் மீத்தேன் வருகிறதே! பிறகு இந்தக் கம்பியும் மின்வாயும் எதற்கு?" என்று கிராமத்து மாணவர் கேட்கலாம். இந்த வாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1890-களிலேயே கழிவுநீர்த் தொட்டி வாயுவால் விளக்கு எரித்தார்கள். கான்பூரில் 1989-ஆம் ஆண்டிலிருந்து, காற்றே ஊதாமல், அடியில் தங்கிய கசடு வழியாகக் கழிவுநீரை மேல்நோக்கிச் செலுத்தி மீத்தேன் எடுக்கும் முறை சோதிக்கப்பட்டது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் கசடிலிருந்து வரும் மீத்தேனால் மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு 2000-களின் நடுவில் வந்தது.

வெப்ப நாடான நமக்கு மீத்தேன் முறை நன்றாகப் பொருந்துகிறது. மாசு செறிந்த கழிவுக்கு அதுவே முதல் வழி. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் மாவுச்சத்துக் கழிவுநீருக்கும் அப்படியே. ஹைட்ரஜன் என்ற சொல் புதுமையாக ஒலிக்கிறது என்பதற்காக, நன்றாக ஓடும் மீத்தேன் கலனை உடைத்துவிட்டு மின்வாய் வைப்பது அறிவுடைமை ஆகாது.

மின்வேதியியல் கலத்துக்கு இடம் வேறு. மீத்தேன் கலனிலிருந்து வெளிவரும் நீரில் இன்னும் கொஞ்சம் மாசு மிச்சம் இருக்கும். நீர்த்த கழிவுநீரிலும், குளிர்ந்த இடங்களிலும் மீத்தேன் முறை தளர்ந்துவிடும். இத்தகைய இடங்களில் இப்போது நாம் செய்வது மோட்டார் வைத்துக் காற்று ஊதுவதுதான். அந்த மோட்டாரின் இடத்துக்குத்தான் மின்வாய் போட்டியிட வேண்டும். சாண எரிவாயுவோடு அல்ல, காற்று ஊதும் மோட்டாரோடு அதற்குப் போட்டி. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

போட்டியில் வெல்ல இன்னும் செய்ய வேண்டியவை பல. மின்வாயின் பரப்பு பெரிதாக வேண்டும், விலை மலிவாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் அழுக்கில் கிடந்தாலும் அரிக்காமல் இருக்க வேண்டும். உண்டான ஹைட்ரஜன் கசியாமலும், மற்ற நுண்ணுயிர்கள் தின்னாமலும் காக்க வேண்டும். இவை நிக்கலையும் எஃகையும் கார்பனையும் அறிந்தவர்கள் தீர்க்க வேண்டிய சிக்கல்கள். மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 1948-ஆம் ஆண்டில் நேரு அடிக்கல் நாட்ட, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து, 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நிலையம் அது. இந்தத் துறையில் உழைக்க விரும்பும் தமிழ் மாணவர் கடல் கடந்துதான் போக வேண்டும் என்பதில்லை.

மூன்று கேள்விகள்

இனி எப்போதாவது "கழிவிலிருந்து எரிபொருள்" என்ற செய்தியைக் கண்டால், கைதட்டுவதற்கு முன்னும் கேலி செய்வதற்கு முன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: உள்ளே கொடுத்த சக்தி எவ்வளவு, வெளியே வந்த சக்தி எவ்வளவு? ஒன்றை மட்டும் சொல்லி மற்றதைச் சொல்லாத செய்தி அரைச் செய்தி.

இரண்டு: பயன்படுத்தியது உண்மையான கழிவுநீரா, ஆய்வுக்கூடத்தில் கலக்கிய கரைசலா? எத்தனை நாள் ஓடியது?

மூன்று: எரிபொருள் எடுத்த பிறகு அந்த நீர் எப்படி இருந்தது? மீன் வாழுமா?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். என் வரையில் அதுவே முதல் கேள்வி.

நீங்களே செய்து பார்க்க ஒரு சிறு சோதனையும் சொல்கிறேன். குளத்துச் சேற்றை ஒரு கண்ணாடி ஜாடியில் பாதி நிரப்புங்கள். சாக்கடைச் சேறு வேண்டாம், நோய் வரும். தடித்த பென்சில் கரித்துண்டு ஒன்றைக் கம்பி சுற்றிச் சேற்றின் அடியில் புதையுங்கள். கம்பியின் செம்பு சேற்றில் படாதபடி மெழுகால் மூடிவிடுங்கள். சேற்றின்மேல் குளத்து நீரை ஊற்றி, இன்னொரு கரித்துண்டை நீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். ஜாடியை மூடாமல் வைத்து, நாள்தோறும் மல்டிமீட்டரால் இரண்டு கம்பிகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்து குறித்து வாருங்கள். சில நாட்களில் வோல்ட்டில் ஒரு சிறு பகுதி தெரியத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறவாதீர்கள்.

அந்தச் சிறு எண்ணைக் கண்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். அதை வைத்துக் கனவுக் கோட்டையும் கட்ட வேண்டாம். அளந்ததை அப்படியே எழுதி வையுங்கள். பிறகு சேற்றை மாற்றி, கரித்துண்டின் அளவை மாற்றி, நிழலிலும் வெயிலிலும் வைத்து, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பாருங்கள். நாபாவிலும் நியூகாஸிலிலும் விஞ்ஞானிகள் செய்ததும் இதையேதான், ஜாடி மட்டும் கொஞ்சம் பெரிது.

நம் ஊர் ஆறுகளின் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். அவற்றில் விடும் நீரைச் சுத்தம் செய்வது தர்மம் அல்ல, கடன். அந்தக் கடனை அடைக்கும்போது கொஞ்சம் எரிபொருளும் கைக்கு வந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். ஆனால் எரிபொருள் லாபம் தந்தால்தான் நீரைச் சுத்தம் செய்வோம் என்று ஒருநாளும் சொல்லாதிருப்போம்.